ஆடு நக்கிய நாற்காலி

ஆரணி
18-2-2025

பங்குதாரர் கலையரசி அவர்களுக்கு,

பானுப்ரியா எழுதுவது. நான் நலம். உங்கள் நலத்தை இப்போதைக்கு விசாரிப்பதாக இல்லை.

பேச மாட்டேன் என்றவள் எப்படி எழுதலாம் என்று கேட்பீர்கள். பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றால் என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டீர்கள். ஆகவே பேப்பர், பேனா. பள்ளிக்கூடத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. அதற்குத் தகுதியான ஆள் நீங்கள்தானா என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நம் ஆரணிப் பக்கத்துத் திருமலையில் நடந்ததை ஆரம்பத்திலிருந்து ஒழுங்காக எழுதி வைக்கிறேன். பின்னால் நீங்கள் மாற்றிச் சொல்லக் கூடாது பாருங்கள்.

மலைக்கு யாத்திரைக்காரர்களை அழைத்து வரும் ஜெயச்சந்திரன் சார் நம்மிடம் வந்தார். படி ஏற முடியாதவர்களை உட்கார வைத்துத் தூக்கிப் போகும் டோலி நாற்காலி இரும்பில் இருக்கிறது, ஆளைவிட நாற்காலிதான் கனம் என்று தூக்குகிறவர்கள் புலம்புகிறார்கள் என்றார். "நடுவுல ஃபோமு, ரெண்டு பக்கமும் கார்பன் துணி சார். கனமே தெரியாது, இரும்பு மாதிரி நிக்கும்" என்று அவரிடம் சொன்னது நீங்கள். தலையாட்டியது நான். துணியை வெட்டுவது என் பாடு. பசை தடவி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சி இறுக்குவது உங்கள் பாடு. நாற்காலியும் ஆயிற்று. நாம் வேலை செய்யும் ஷெட்டுக்குச் சொந்தக்காரரான என் அண்ணன் பரசுராமன் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, அப்பளமா?" என்றார்.

கடைசியில் அப்பளம்தான் ஆயிற்று. கனமான ஆள் உட்கார்ந்தால்தான் சோதனை என்று அண்ணனையே உட்கார வைத்தீர்கள். நாலு பேர் தூக்கினார்கள். பாதி மலைகூடப் போகவில்லை, 'டப்' என்று சத்தம். உட்காரும் பலகையின் மேல் தோல் ஃபோமை விட்டுப் பிரிந்து, வாயைத் திறந்து, மறுபடி மூடிக்கொண்டது. நடுவில் அண்ணனின் வேட்டி. பயந்துபோய் இறக்கினார்கள். அண்ணன் எழுந்தார், வேட்டி எழவில்லை.

அத்தனை பேர் முன்னால் நீங்கள் சொன்ன சொல், "துணி சரியில்ல." ஆரணியில் ஒரு பட்டு நெசவுக்காரர் வீட்டுப் பெண்ணைப் பார்த்துச் சொல்கிற சொல்லா அது? நான் பசை சரியில்லை என்றேன். "அது பசை இல்ல, ரெசின்" என்று அந்த நேரத்திலும் திருத்தினீர்கள். துணி நல்ல துணி என்று நீங்கள் சொல்லும்வரை உங்களோடு பேச மாட்டேன் என்றேன். பசை நல்ல பசை என்று நான் சொல்லும்வரை நீங்களும் பேச மாட்டேன் என்றீர்கள். பிய்ந்த பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தேவிகாபுரம் பஸ் ஏறிவிட்டீர்கள்.

ஜெயச்சந்திரன் சார் பெரிய மனது பண்ணி மார்ச் 23 ஞாயிறு இன்னொரு சோதனை வைக்கலாம் என்கிறார். அண்ணனுக்கு அவ்வளவு பெரிய மனது இல்லை. "இன்னொரு தபா பிச்சிக்கிச்சின்னா ஷெட்ட காலி பண்ணி குடுத்துடணும். நான் பவர்லூம் போட்டுக்கறேன்" என்றார். கோபத்தில் நானும் சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். ஆக, நாற்காலி ஏறினால் ஷெட் நமக்கு. இல்லையென்றால் பவர்லூமுக்கு.

காற்று அளக்கும் கேஜ் உங்கள் பைக்குள் போய்விட்டது. திருப்பி அனுப்பவும். எட்டேகால் பஸ் கண்டக்டர் எழிலரசன் அண்ணன் வாங்கிக்கொள்வார்.

இப்படிக்கு,
பங்குதாரர்
பானுப்ரியா


தேவிகாபுரம்
20-2-2025

பங்குதாரர் பானுப்ரியா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே எழிலரசன் அண்ணன், "வேட்டி எழவில்லைன்னு எழுதிகீது பாரு, ஷோக்கா எழுதுதும்மா அந்தப் பொண்ணு" என்று சொல்லித்தான் கொடுத்தார். உறையைச் சரியாக ஒட்டக்கூட உங்களுக்குத் தெரியவில்லை.

நீங்கள் எழுதிய வரலாற்றில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. வேட்டியை இழுத்துக்கொண்டே உங்கள் அண்ணன் சொன்னது, "ஆடு மேய்க்கிற ஊட்டுப் பொண்ணுக்கு இன்னாத்துக்கு கார்பனு?" எல்லோரும் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். நீயும் சிரித்துக்கொண்டிருந்தாய். நீங்களும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் ஒரே பெஞ்சு. ஓசூரில் கார்பன் கம்பெனியில் மாதச் சம்பளத்தில் இருந்தவளை, "ஷெட் சும்மா கீது, வாடி, நாமளே பண்லாம்" என்று கூப்பிட்டது நீங்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் வந்தேன். நாற்காலி பிய்ந்தது எனக்கு வலிக்கவில்லை, பலகை போனால் இன்னொரு பலகை. நீங்கள் சிரித்ததுதான் வலிக்கிறது. எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

இனி தொழில் விஷயம். பிய்ந்த பலகையைப் பார்த்தேன். ரெசின் கல் மாதிரி இறுகியிருக்கிறது. ஃபோமோடும் ஒட்டியிருக்கிறது. துணியோடுதான் ஒட்டவில்லை. துணி தோல் உரிகிற மாதிரி வருகிறது. ஆகவே தப்பு துணியில்தான். இதை நான் மலையிலும் சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன்.

என் ரெசின் நல்ல ரெசினா என்று சந்தேகம் இருந்தால், இந்த உறையை அதில்தான் ஒட்டியிருக்கிறேன். பிரித்துப் பாருங்கள்.

கேஜ் தர மாட்டேன். அது இல்லாமல் நீங்கள் தனியாக எதையாவது செய்து கெடுப்பீர்கள்.

இப்படிக்கு,
பங்குதாரர்
கலையரசி


ஆரணி
24-2-2025

பங்குதாரர் அவர்களுக்கு,

உறையைப் பிரிக்கக் கத்தரிக்கோல் பிடித்தேன். பிறகு அரிவாள்மணை. கடைசியில் அண்ணனின் இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடு. உறையோடு சேர்ந்து கடிதத்தின் கீழ்ப் பகுதியும் போய்விட்டது. கேஜ் என்று ஒரு வார்த்தை தெரிகிறது, மற்றதெல்லாம் தூள். அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தால் தயவுசெய்து மறுபடி எழுதவும்.

சிரித்தேன்தான். வேட்டியைப் பார்த்துச் சிரித்தேன். எங்கள் அண்ணன் ஊரில் பெரிய மனுஷன், கோடு போட்ட அண்டர்வேரோடு படியில் நின்று வேட்டியை நாற்காலியிடம் கேட்டு இழுக்கிறார். பெற்ற தாயாக இருந்தாலும் சிரிப்பு வரும். அவர் சொன்னது என் காதில் விழுந்தபோது நான் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தேன். வாயை எப்படி நடுவில் நிறுத்துவது?

நீங்கள் போன பிறகு நான் சும்மா இல்லை. இன்னொரு பலகை நானே செய்யலாம் என்று இறங்கினேன். அதைப்பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம். பக்கெட் ஒன்று காலமானது. அவ்வளவுதான்.

சரி, சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் சின்ன டப்பாவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பீர்கள், பார்க்கவே பொறுமை போகும். ஒரேயடியாகக் கலந்தால் ஜல்தியாக முடியுமே என்று முழு பக்கெட்டும் கலந்தேன். போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் பக்கெட் புகைகிறது. தொட்டால் கை வேகிறது. பக்கெட்டே உருகி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. தெருவே கூடிவிட்டது. அண்ணன் ஓடி வந்து பார்த்து, "இன்னாம்மா, யாகமா?" என்றார். அந்தக் கையோடு டேப்பை எடுத்து ஷெட்டின் நீளம் அகலம் அளந்துகொண்டு போனார். எத்தனை தறி நிற்கும் என்று வாய்க்குள் கணக்கு.

எனக்குப் பயமாக இருக்கிறது. இது பங்குதாரருக்கு எழுதுவது இல்லை, சும்மா எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
பானுப்ரியா

குறிப்பு: இந்த உறையைப் பட்டு நூலால் தைத்திருக்கிறேன். எழிலரசன் அண்ணன் பிரித்தால் மறுபடி இப்படித் தைக்க அவரால் முடியாது.


தேவிகாபுரம்
28-2-2025

பானுப்ரியா அவர்களுக்கு,

எழிலரசன் அண்ணன் தையலைப் பார்த்து, "என்மேல நம்பிக்கை இல்லாத பூட்ச்சா?" என்று கண் கலங்கிவிட்டார். அடுத்த முறை ஏதாவது ஒரு வரி அவருக்கும் எழுதுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ரெசினும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரும் சேர்ந்தால் தானே சூடாகும். கொஞ்சமாக இருந்தால் சூடு வெளியே போய்விடும். பக்கெட் நிறைய இருந்தால் சூடு போக வழியில்லாமல் தனக்குள்ளேயே வெந்துபோகும். கொஞ்ச நாளாக என் நிலைமையும் அதுதான்.

வேட்டியைப் பார்த்துச் சிரித்ததாகவே இருக்கட்டும். அந்த வார்த்தைக்கு அப்புறமாவது ஒரு பதில் சொல்லியிருக்கலாமே? வேட்டி கிடைத்து, கட்டி, டீயும் குடித்தார். அவ்வளவு நேரம் இருந்தது.

நானும் சும்மா இல்லை. பையில் கொஞ்சம் கார்பன் துணி இருந்தது, அதை வெட்டிப் பார்த்தேன். கத்தரி வைத்த இடமெல்லாம் பிரிந்து, இழை இழையாக நழுவி, சதுரமாக வெட்டியது எந்த வடிவத்துக்கும் பெயர் இல்லாத ஒன்றாக ஆகிவிட்டது. நீங்கள் வெட்டினால் மட்டும் ஓரம் கத்தி மாதிரி நிற்கும். எப்படி என்று கேட்டதே இல்லை. இப்போதும் கேட்க மாட்டேன்.

வேறொரு விசித்திரம். பிய்ந்த பலகையைக் கொட்டகைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தேன். எங்கள் வெள்ளாட்டுக்கு அம்மா வைத்த பேர் கலெக்டரம்மா. யார் வந்தாலும் எழுந்திருக்காது. அது எழுந்து வந்து பலகையை நக்குகிறது. பிரிந்த தோலை மட்டும் தேடி நக்குகிறது, ஃபோமைத் தொடுவதில்லை. எறும்பும் சாரி சாரியாகப் போகிறது. ஓசூரில் டன் கணக்கில் கார்பன் பார்த்திருக்கிறேன், ஒரு எறும்பும் மதித்தது இல்லை. "இன்னாடி பலகை செஞ்சிகீற, பட்சணமா?" என்கிறாள் அம்மா.

துணியில் ஏதாவது கொட்டினீர்களா? டீ, காப்பி, உங்கள் அண்ணி செய்யும் அதிரசம்?

கலையரசி


ஆரணி
3-3-2025

கலையரசி அவர்களுக்கு,

எங்கள் துணியை ஆடு நக்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதைவிடத் 'துணி சரியில்ல' என்றதே தேவலை.

நான் துணிக்குப் பக்கத்தில் டீ கொண்டு போகிறவளா? நான் பிறந்ததே தறிக்குப் பக்கத்தில். வெட்டுவதற்கு முன் கையை சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். கொலுசைக்கூட கழற்றி வைக்கிறேன். அந்தத் துணி வந்தபோது எப்படி இருந்தது தெரியுமா? கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், தொளதொளவென்று, தூக்கினால் சரிகிறது, ஓரமெல்லாம் பிரிகிறது. நீங்கள் போனில் சொன்ன மாதிரியே சைஸிங் இல்லாத துணி. வேறு யாராவது என்றால் திருப்பி அனுப்பியிருப்பார்கள். நான் நன்றாக சைஸிங் போட்டு, வெயிலில் காயவைத்து, இஸ்திரிப் பெட்டி போட்டு, பிறகுதான் வெட்டினேன். அதனால்தான் ஓரம் கத்தி மாதிரி நின்றது. அப்படிப் பாடுபட்ட துணியைப் போய் ஆட்டுக்குப் போட்டிருக்கிறீர்கள்.

அண்ணன் இன்று இரண்டு பேரைக் கூட்டி வந்து ஷெட்டைக் காட்டினார். தறி விற்கிறவர்கள் போலிருக்கிறது. ஒருவன் நம் பம்பைக் காலால் தள்ளிப் பார்த்தான். "அத்த தொடாத" என்று கத்திவிட்டேன். அண்ணனே பயந்துவிட்டார்.

எழிலரசன் அண்ணனுக்கு ஒரு வரி: அண்ணா, நலமா? இதற்குமேல் படிக்காதீர்கள்.

பானுப்ரியா


தேவிகாபுரம்
6-3-2025

பானு,

அவர்களாவது, இவர்களாவது. விஷயத்தைக் கேள்.

உன் கடிதம் வந்தபோது நான் கலெக்டரம்மாவுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். நக்கி நக்கி உதட்டில் கார்பன் சிலாம்பு ஏறிவிட்டது. அம்மா ஆட்டைப் பிடித்துக்கொண்டாள், நான் புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தைத் தொட்டு வைத்தேன். அது தலையை உதறியது. மருந்து தெறித்துப் பலகைமேல் விழுந்தது. தோல் உரிந்த இடத்தில், ரெசின் மேல். பழுப்பு மருந்து அடுத்த நொடியே கருநீலமாகிவிட்டது.

ஒன்பதாம் வகுப்பில் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உருளைக்கிழங்கை வெட்டி அயோடின் சொட்டு விடுவார்களே, நினைவிருக்கிறதா? மாவு இருந்தால் நீலமாகும். பலகையில் எங்கிருந்து மாவு வரும் என்று யோசித்துக்கொண்டே உன் கடிதத்தைப் பிரித்தேன். "நன்றாக சைஸிங் போட்டு."

பானு, நீ கார்பனுக்குக் கஞ்சி போட்டிருக்கிறாய்.

அரிசிக் கஞ்சிதானே? தறியில் பாவு நூலுக்குப் போடுகிற அதே கஞ்சி? உங்கள் வீட்டில் கஞ்சியில் நாலு சொட்டு எண்ணெய் விடுவார்களே, இழை மினுங்க வேண்டுமென்று, அதையும் விட்டாயா? விட்டிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

அடி பாவி, நாங்கள் கார்பனில் சைஸிங் என்று சொல்வது கஞ்சி இல்லை. இழை செய்யும் ஆலையிலேயே தடவி அனுப்பும் ஒரு பூச்சு, கண்ணுக்கே தெரியாது. ரெசின் இழையைப் பிடித்துக்கொள்வதற்காகத்தான் அந்தப் பூச்சு. நீ போட்டது ரெசினைக் கிட்டவே சேர்க்காத கஞ்சி. அதற்குமேல் எண்ணெய். அதற்குமேல் இஸ்திரி! ரெசின் துணியைத் தொடவே இல்லை. கஞ்சியைத்தான் தொட்டது. உங்கள் அண்ணன் மலை ஏறியது கார்பன் மேல் இல்லை, சோற்றுக் கஞ்சி மேல்.

எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. கொட்டகையில் உட்கார்ந்து அழுகிற மாதிரிச் சிரித்தேன். அம்மா ஆட்டுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தாள்.

சிரித்து முடித்த பிறகுதான் அந்த போன் நினைவுக்கு வந்தது. துணி வந்த அன்று நான் ஓசூருக்குப் போயிருந்தேன். "சைஸிங் இல்லாத துணிய குடுத்துட்டானோன்னு பயமா கீது, நீ பாத்து சரி பண்ணிக்க" என்றேன். நான் நினைத்தது, கடையில் கொடுத்து மாற்றிக்கொள் என்று. ஆரணியில் ஒரு நெசவுக்காரர் வீட்டுப் பெண்ணிடம் போய் சைஸிங் இல்லை, சரி பண்ணு என்று சொன்னால் அவள் உலை வைக்காமல் வேறு என்ன செய்வாள்?

ஆகவே தப்பு எனக்கும் இருக்கிறது. பாதி. இல்லை, பாதிக்குக் கொஞ்சம் குறைச்சல்.

ஒன்று மட்டும் உங்கள் அண்ணனிடம் சொல்லிவிடு. இதைக் கண்டுபிடித்தது ஆடு மேய்க்கிற வீட்டு ஆடு.

கலை


ஆரணி
9-3-2025

கலை,

படித்ததும் நேராகச் சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன். அண்ணி வந்து, "இன்னா, கரண்டி தேடறியா?" என்றாள்.

நாலு சொட்டு இல்லை, ஒரு கரண்டி விட்டேன். கறுப்பு இழைக்கு மினுமினுப்பு நன்றாக எடுக்கும் என்று.

ஆனால் ஒன்று சொல்கிறேன். இந்த ஊரில் சைஸிங் என்றால் கஞ்சிதான். நேற்று முளைத்த கார்பன்காரர்கள் வேண்டுமானால் வேறு பேர் வைத்துக்கொள்ளட்டும். உலகத்தில் வார்த்தைக்கா பஞ்சம்? எங்களுடையதை எடுத்து வேறு அர்த்தத்தில் புழங்கினால் நாங்கள் என்ன செய்வது?

உன் கடிதத்தை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிவி ஓடவில்லை. நான் விடவில்லை. "அன்னிக்கி நீங்க சொன்னது தப்பு. நானும் சும்மா நின்னுகினு இருந்தது அதவிட தப்பு. அவ ஒருத்தி இல்லாங்காட்டி அந்த ஷெட்டுல வெறும் பல்லிதான் இருக்கும்" என்றேன். அண்ணனை எதிர்த்து இத்தனை வார்த்தை நான் இதுவரை பேசியதில்லை. அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் ஒரு அதிரசம் கொண்டு வந்து வைத்தாள்.

அதை நான் மலையிலேயே சொல்லியிருக்க வேண்டும். வேட்டியைப் பார்த்துச் சிரித்தேன் என்பது நிஜம். அப்புறம் வாயை மூடிக்கொண்டு டீ கொடுத்தேன் என்பதும் நிஜம். எனக்கு அது உறுத்துகிறது கலை.

வா. புதுத் துணி வாங்கிவிட்டேன். சைஸிங் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரன் "எந்த சைஸிங்கும்மா?" என்றான். "கஞ்சி இல்லாதது" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

ஆனால் கஞ்சி இல்லாமல் வெட்டினால் பிரிந்துபோகுமே, அதற்கு என்ன செய்வது? அதையும் யோசித்துக்கொண்டு வா.

பானு


தேவிகாபுரம்
12-3-2025

பானு,

வெள்ளிக்கிழமை எட்டேகால் பஸ்ஸில் வருகிறேன். எழிலரசன் அண்ணன் இரண்டு நாளாக, "சமாதானம் ஆயிட்டீங்கன்னா அப்பால கடுதாசி இருக்காதா?" என்று கவலைப்படுகிறார்.

வெட்டுவதற்கு வழி யோசித்துவிட்டேன். உன் கை வழக்கத்தை விட வேண்டாம், கஞ்சியை மட்டும் மாற்று. வெட்டப் போகிற கோட்டில் மட்டும் ரெசினையே மெல்லியதாகத் தடவி, பாதி காய்ந்ததும் வெட்டு. ஓரம் நிற்கும். பிறகு பலகையில் ஒட்டும்போதும் அது நம் பக்கத்து ஆள்தான், பகையாகாது.

ஆனால் சபதம் சபதம்தான். நீ இன்னும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஊர் முன்னால் போட்ட சபதத்தைக் கடுதாசியிலேயே கரைத்துவிட்டால் நம்மை யார் மதிப்பார்கள்? வேலை செய்வோம், பேச வேண்டாம். சீட்டு எழுதிக்கொள்வோம்.

கேஜ் எடுத்து வருகிறேன். அம்மா கருவாடு கொடுக்கிறாள். வேண்டாம் என்று எழுதிவிடாதே, எழுதினாலும் கொண்டுவருவேன்.

கலை


ஆரணி ஷெட்
15-3-2025

(மேற்கு மூலையிலிருந்து கிழக்கு மூலைக்கு)
ரெசின் தடவி வெட்டினேன். ஓரத்தைப் பார். பார்த்துவிட்டு முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதே, நன்றாக இருக்கிறதென்றால் நன்றாக இருக்கிறதென்று எழுது. - பானு

(கிழக்கிலிருந்து மேற்குக்கு)
பரவாயில்லை. - கலை

(மேற்கிலிருந்து)
பரவாயில்லையா? அந்தச் சீட்டை எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

(கிழக்கிலிருந்து)
நன்றாக இருக்கிறது. போதுமா? பையில் எங்கோ காற்று நுழைகிறது, கேஜ் இறங்குகிறது. உஸ் என்று சத்தம் கேட்கிற இடத்தில் விரல் வை. அந்த இடம் இல்லை. இடது பக்கம். எழுதி முடிப்பதற்குள் காற்று முழுக்கப் போய்விடும் போலிருக்கிறது, சீக்கிரம்!

(மேற்கிலிருந்து)
பேசாமல் பையை ஒட்டுவது எவ்வளவு பேஜார் என்று இப்போது தெரிகிறதா? ஒட்டிவிட்டேன். அண்ணன் வாசலில் நின்று, "இன்னா ரெண்டு பேரும் சீட்டு எழுதிகினு கீறீங்க, பரிச்சையா?" என்கிறார். நீயே பதில் சொல்.

(கிழக்கிலிருந்து)
அவரோடு நான் பேச மாட்டேன் என்று சபதம் எதுவும் இல்லை. ஆனாலும் பேசப் போவதில்லை. கருவாடு எடுத்துச் சாப்பிட்டாயா?

(மேற்கிலிருந்து)
முழுக்கச் சாப்பிட்டுவிட்டேன். உனக்கு அதிரசம் வைத்திருக்கிறேன். பலகைக்குப் பக்கத்தில் வைக்கவில்லை, பயப்படாதே.


ஆரணி
24-3-2025

அன்புள்ள கலை,

நேற்று மலையிலிருந்து இறங்கியதுமே நீ ஊருக்கு ஓடிவிட்டாய். கலெக்டரம்மாவுக்குப் பிரசவம் நெருங்கிவிட்டது என்று போன் வந்ததாம். என்னிடம் சொன்னது எழிலரசன் அண்ணன். நம் இருவருக்குள் இன்னும் அவர்தான் தபால்காரர்.

நீயும் அங்கேதான் இருந்தாய், இருந்தாலும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் நடந்த மாதிரியே இல்லை.

அண்ணன் இந்த முறை வேட்டி கட்டவில்லை. பேண்ட், பெல்ட். காலையில் பொங்கல் இரண்டு பங்கு சாப்பிட்டார், வேண்டுமென்றேதான். ஜெயச்சந்திரன் சார், "வேற யாராவது உக்காரட்டுமே" என்றார். "நான்தான் உக்காருவேன்" என்றார் அண்ணன். நாலு பேரும் தூக்கினார்கள். போன முறை 'டப்' கேட்ட படி வந்தது. நீ என் கையைப் பிடித்தாய். பேசக் கூடாது என்றுதானே சபதம், கை பிடிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. படி தாண்டியது. அடுத்த படி. அதற்கடுத்தது. தூக்குகிறவர்களில் ஒருவர் நடுவில், "ஆளு குந்திகினு கீறாரா, எறங்கிட்டாரா?" என்று திரும்பிப் பார்த்தாரே, அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

உச்சிக்குப் போனதும் அண்ணன் இறங்க மாட்டேன் என்றாரே, பார்த்தாயா? "அப்பால எறங்கறேன், காத்து ஷோக்கா கீது" என்று கால்மேல் கால் போட்டுக்கொண்டார். ஜெயச்சந்திரன் சார் இன்னும் ஆறு நாற்காலி செய்யச் சொல்லிவிட்டார். தறி விற்கிறவர்களை வர வேண்டாம் என்று அண்ணனே இன்று காலையில் போன் செய்துவிட்டார்.

பிறகு அவர் உன்னைக் கூப்பிட்டு, "ஆடு நல்லா கீதாம்மா?" என்று கேட்டார். நீ, "குட்டி போடப் போவுதுங்க" என்றாய். "போட்டா சொல்லி அனுப்பும்மா, வந்து பாக்கறேன்" என்றார். கலை, எங்கள் அண்ணனுக்கு மன்னிப்பு என்று சொல்ல வராது. இத்தனை வருஷம் பக்கத்தில் இருக்கிற அண்ணியிடமே சொன்னதில்லை. அவருக்குச் சொல்ல வருவதில் அதற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற வார்த்தை ஆட்டை விசாரிப்பதுதான். ஏற்றுக்கொள்வதும் கொள்ளாததும் உன் இஷ்டம். நான் கேட்க மாட்டேன்.

இன்னொன்று. எல்லோரும் கைதட்டினபோது நான் உன் காதுக்குப் பக்கத்தில் வந்து ஒன்று சொன்னேன். எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னேன் தெரியுமா? நீ, "ஆ? இன்னா?" என்றாய். அந்தப் பம்புக்குப் பக்கத்திலேயே நின்று உனக்குக் காது போய்விட்டது. அவ்வளவு பேர் மத்தியில் இரண்டாம் தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். எடுத்து வைத்துக்கொள்.

பசை நல்ல பசை.

சரி, ரெசின்.

பானு


தேவிகாபுரம்
26-3-2025

பானு,

கலெக்டரம்மா இரண்டு குட்டி போட்டிருக்கிறது. ஒன்று கறுப்பு, கார்பன் மாதிரியே மினுங்குகிறது. அம்மா அதற்கு சைஸிங் என்று பேர் வைத்துவிட்டாள். உங்கள் அண்ணனுக்குச் சொல்லிவிடு, வந்து பார்க்கட்டும். வரும்போது வேட்டியே கட்டி வரலாம், இங்கே கடிக்கிற நாற்காலி எதுவும் இல்லை.

திங்கட்கிழமை வருகிறேன். ஆறு நாற்காலி என்றால் துணி நிறைய வேண்டும். எந்த சைஸிங் என்று இந்த முறை நான் போய்க் கேட்டு வாங்குகிறேன்.

வீட்டில் ரெசின் இல்லை. அதனால் இந்த உறையைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறேன். காகிதத்துக்குக் கஞ்சி எவ்வளவு அழகாக ஒட்டுகிறது! எழிலரசன் அண்ணன் ஈரமாக இருக்கும்போதே வாங்கிக்கொண்டு போகிறார், எப்படியும் படித்துவிட்டுத்தான் தருவார். படிக்கட்டும்.

மலையில் நீ சொன்னது முதல் தடவையே கேட்டதடி. இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது.

துணி நல்ல துணி.

கலை